தனிமையைப் பற்றிய அமைதியான இந்தித் திரைப்படம் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஏன்?

ரித்தேஷ் பத்ரா எழுதி இயக்கி, 2013 செப்டம்பரில் இந்தியாவில் வெளியான 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தைத்தான் சொல்வேன். இதைக் காதல் படம் என்றே பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கூட்டமான நகரத்தில், நாள் முழுவதும் மனிதர்களின் நடுவே இருந்தும், "சாப்பிட்டாயா, எப்படி இருந்தது?" என்று கேட்கவோ கேட்கப்படவோ ஆளில்லாத இருவரின் கதை இது.

மும்பையின் மலாட் பகுதியில் வாழும் இலா (நிம்ரத் கௌர்), பாராமுகமாகிவிட்ட கணவனின் மனத்தைத் திருப்பலாம் என்ற நம்பிக்கையில் பார்த்துப் பார்த்துச் சமைத்து, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாவிடம் கொடுத்தனுப்புகிறாள். அந்த அடுக்கு டப்பா தவறுதலாக, ஓய்வுபெறப் போகும் கணக்கர் சாஜன் ஃபெர்னாண்டஸின் (இர்ஃபான் கான்) மேசைக்குப் போய்விடுகிறது. மனைவியை இழந்த அவருக்கு அன்றாட மதியச் சாப்பாடு ஓர் உணவகத்திலிருந்து வருவது. இனி அது கணவனுக்குப் போகிறது, இவள் சமையல் இவருக்கு வருகிறது. டப்பாவுக்குள் கடிதங்கள் போய்வரத் தொடங்குகின்றன. கதை அவ்வளவுதான்.

மும்பை டப்பாவாலாக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயங்கி வருபவர்கள். மூடியில் எழுதிய எழுத்தையும் எண்ணையும் நிறத்தையும் பார்த்தே, ரயில் மாறி, கை மாறி, உரிய மேசையில் கொண்டு சேர்த்து, வெறும் டப்பாவை மாலைக்குள் வீடு திருப்புகிறவர்கள். அவர்களா தினமும் ஒரே தவற்றைச் செய்வார்கள் என்று கேட்பவர்களுக்குப் படமே விடை வைத்திருக்கிறது. இலா முறையிடும்போது, ஹார்வர்டிலிருந்தே வந்து ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்களிடம் பிழை நேராது என்று டப்பாவாலா அடித்துச் சொல்கிறார். பத்ரா முதலில் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கத்தான் நினைத்திருந்தார். சமையலறையிலிருந்து சைக்கிளுக்கும் ரயிலுக்கும் கைவண்டிக்கும் டப்பா போகும் வழியைக் காட்டும் தொடக்கக் காட்சிகளில் அந்த எண்ணத்தின் சாயல் தெரிகிறது.

என்னை இந்தப் படத்திடம் கட்டிப்போட்டது, டப்பாவின் நிறைவும் வெறுமையுமே பேச்சாகிவிடும் விதம். முதல் நாள் டப்பா வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வருகிறது, இலா பூரித்துப்போகிறாள். மாலையில் வீடு திரும்பும் கணவன், அவள் சமைக்காத உருளைக்கிழங்கு காலிஃபிளவரைப் பற்றிப் பேசும்போதுதான் தன் சாப்பாடு வேறு யாருக்கோ போயிருப்பது அவளுக்குப் புரிகிறது. மனைவியின் கைப்பக்குவத்துக்கும் உணவகச் சாப்பாட்டுக்கும் வேறுபாடு தெரியாத கணவன். அதை அவள் எடுத்துச் சொல்லாமலே விட்டுவிடுகிறாள். அந்த மணவாழ்க்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை விளக்க இதற்கு மேல் சண்டைக் காட்சி எதற்கு? அவள் நன்றி சொல்லி எழுதும் முதல் கடிதத்துக்கு, உப்பு அதிகம் என்று மட்டும் பதில் வருகிறது. மேல்வீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டி வெகுண்டு, கயிற்றில் கட்டிய கூடையில் மிளகாயை இறக்குகிறார். அந்த ஆன்ட்டியின் முகம் படம் முழுவதும் நமக்குக் காட்டப்படுவதில்லை; பாரதி ஆச்ரேக்கரின் குரல் மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கும் கணவரின் பார்வை சுழலும் மின்விசிறியில்தான் நிலைத்திருக்கிறது என்பதால், அதை நிறுத்தாமலே துடைக்கிற பெண்மணி அவர். ஒரு குரலுக்குள் இவ்வளவு வாழ்க்கையை அடைத்து வைத்திருப்பதை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பின்னொரு நாள் இருவரும் ஓர் உணவகத்தில் சந்திப்பதாக முடிவாகிறது. அன்று காலை சாஜன் தன் குளியலறையில் தாத்தாவின் வாசனையை உணர்கிறார். அது தன்னிடமிருந்தே வருவது என்று விளங்குகிறது. ரயிலில் ஓர் இளைஞன் அவரை அங்கிள் என்று அழைத்து இடம் தருகிறான். சாஜன் உணவகத்துக்குப் போகிறார், காத்திருக்கும் இலாவைத் தொலைவிலிருந்து பார்க்கிறார், ஆனால் அருகே போவதில்லை. மறுநாள் அவருக்கு வரும் டப்பாவின் எல்லா அடுக்குகளும் காலி. முன்பு அவளை மகிழ்வித்த அதே வெறுமை இப்போது அவள் கோபமாக வந்து அவர் முன்னே அமர்கிறது. தனக்கு அது வேண்டியதுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டு எழுதுகிறார்.

இர்ஃபானின் நடிப்பைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் பதில் நீண்டுவிடும். முதன்முதலாக அந்த டப்பாவைத் திறந்து, அடுக்கடுக்காக முகர்ந்து, ஐயத்தோடு முதல் வாயை எடுத்து வைக்கும் காட்சியை மட்டும் கவனியுங்கள். இவரிடம் வேலை கற்க வரும் ஷேக்காக நவாசுதீன் சித்திக்கி. வீடு திரும்பும் மின்சார ரயிலில் அலுவலகக் கோப்பின்மேல் வைத்துக் காய்கறி நறுக்கும் அந்த அனாதை இளைஞன், தன் பேச்சுக்கு எடை கூடுமென்று எல்லாவற்றையும் 'எங்கள் அம்மா சொல்வார்' என்று தொடங்குகிறான். பழம் மட்டும் தின்று மதியத்தை ஓட்டும் அவனுக்குத் தன் டப்பாவிலிருந்து பங்கு கொடுக்கத் தொடங்கும்போதுதான் சாஜன் மாறத் தொடங்குகிறார். இலாவின் கடிதங்களைவிட இந்தப் பகிர்வுக்கே அதில் பெரிய பங்கு என்பது என் கணிப்பு.

இலாவின் தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்த அன்று, அவள் தாய் (லில்லெட் துபே) தனக்குப் பசிக்கிறது, பராத்தா சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்கிறார். பணிவிடையிலேயே தேய்ந்துபோன ஒரு பெண், கணவரின் உடல் வீட்டில் இருக்கும்போது சொல்வது இது. நம் இழவு வீடுகளிலும் அடக்கம் முடியும்வரை அடுப்பு எரிவதில்லை. ஆனாலும் பசி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்தக் காட்சிக்குப் பிறகு, தன் தாயின் வயதில் தானும் அதே இடத்தில் நிற்கக் கூடாது என்று இலா எடுக்கும் முடிவுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இலாவின் கணவன் பாத்திரம் மிக மெலிதாக எழுதப்பட்டிருக்கிறது; அவனுக்கும் ஒரு பசி இருந்திருக்கக்கூடும் என்று படம் யோசிக்கவே இல்லை. முடிவு தெளிவாக இல்லை என்பது பலரின் புகார். அவர்கள் சந்தித்தார்களா என்பதை பத்ரா காட்டாமல் விட்டது சரியே என்பேன். இருவரும் தத்தம் பழைய வாழ்க்கையை விட்டு வெளியே காலெடுத்து வைக்கத் துணிவதுதான் கதை. அதைப் படம் முழுமையாகவே காட்டிவிடுகிறது.

இது பிடித்துப்போனால், அதே இயக்குநர் அதே மும்பையில் நவாசுதீனையும் சான்யா மல்ஹோத்ராவையும் வைத்து 2019இல் தந்த 'ஃபோட்டோகிராஃப்' படத்தையும் பாருங்கள். அதில் இந்தக் கட்டுக்கோப்பு இல்லை என்பதால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது.