பதினோரு நோட்டு எழுதியவரைக் கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஊரில் உள்ள வீட்டில் அப்பா சேர்த்த சுமார் 4,000 புத்தகங்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. அவற்றையும், அப்பா வங்கியில் விட்டுச்சென்ற டெபாசிட் 5 லட்சத்தையும் (நான்தான் நாமினி) அவர் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். முதல் திதிக்குள் அவர் பெயரில் தனி அறை, கல்வெட்டு, கண்ணாடி அலமாரி வேண்டும் என்று கேட்டேன். நூலகரோ, தேவையானவற்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம், தனியாக வைக்க முடியாது என்கிறார். பட்டியல் கேட்டார். அதில் சிரமமில்லை. வீட்டோடு இருக்கும் அக்கா 11 நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறாள். பி.ஏ. இரண்டாம் ஆண்டோடு நின்றவள் என்றாலும் கையெழுத்து அழகாக இருக்கும். புத்தகங்கள் போனதும் வீட்டை விற்க உத்தேசம். கொடையின் அருமை தெரியாதவர்களிடம் கொடுக்கலாமா, வேறு பல்கலைக்கழகம் பார்க்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: நூலகர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன் தம்பி. முதலில் அக்காவைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதம் நான்கு பக்கம். கல்வெட்டில் எந்த எழுத்துரு, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அக்காவைப் பற்றியோ மேலே உள்ள வரிகள், 58 வயது, மணமாகவில்லை, நோட்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. ஏன் இரண்டாம் ஆண்டோடு நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வேறொரு பக்கத்தில், அம்மா பக்கவாதத்தில் பல வருடம் படுத்திருந்தார், அப்போது நீங்கள் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. இரண்டையும் சேர்த்து நான் படித்துவிட்டேன். நீங்களும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள்.

11 நோட்டு என்பது சின்ன விஷயமா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், ஆசிரியர், பதிப்பகம், அப்பா எங்கே எப்போது வாங்கினார், யார் இரவல் வாங்கிப் போனார், எப்போது திருப்பினார் என்று அக்கா குறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் சேர்க்கைப் பதிவேடு, வழங்கல் பதிவேடு என்று இதைச் சொல்வார்கள். இதைச் செய்யப் பட்டம் படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் சம்பளமே இல்லாமல் ஒரு பெண் செய்திருக்கிறார், அதுவும் அம்மாவைக் குளிப்பாட்டி, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த நேரம் போக. பழைய தாள் இருக்கும் ஊர் வீட்டில் மழைக்காலம் தாண்டி 4,000 புத்தகம் கரையானும் ராமபாணப் பூச்சியும் அரிக்காமல் இத்தனை வருடம் தானாக இருக்காது. யாரோ வருடா வருடம் இறக்கி, தூசி தட்டி, நிழலில் காயவைத்து, வசம்பு போட்டு மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவரிடம், கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அதற்கு அடையாளம் இல்லை. "பட்டியலுக்குச் சிரமமில்லை" என்கிறீர்கள். உங்களுக்கு இல்லை.

இனி சட்டம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு என்பது அன்றிலிருந்தே சட்டம். உயில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அம்மாவும் இல்லை. ஆக வீட்டில் பாதி அக்காவுடையது. புத்தகங்களிலும் பாதி அவருடையது. டெபாசிட்டுக்கு நீங்கள் நாமினி என்பதால் அந்தப் பணம் உங்களுடையதாகிவிடாது. வங்கி யாரிடம் பணத்தை ஒப்படைக்கலாம் என்பதற்குத்தான் நாமினி. வாங்கியவர் வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அக்காவின் இரண்டரை லட்சத்தையும் சேர்த்து உங்கள் கொடை என்று கல்லில் பொறிக்கப் பார்க்கிறீர்கள். அடுத்தவர் பணத்தில் செய்வதற்குத் தானம் என்று பெயர் கிடையாது.

அப்பாவோடு அவருடைய ஓய்வூதியமும் நின்றிருக்கும். மணமாகாத மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டா என்று கருவூலத்தில் போய் விசாரித்தீர்களா? வீட்டை விற்றால் 58 வயதில் அவர் எங்கே போவார்? உங்கள் வீட்டில் அறை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுக் கல்வெட்டைப் பற்றி யோசியுங்கள். பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவரை நிற்க இடமில்லாமல் ஆக்கிவிட்டு அப்பா பெயரில் அறை திறப்பதை நான் பித்ருகாரியமாக நினைக்கவில்லை. ஊர் கைதட்டலாம். எனக்கு அது பாவமாகத்தான் படுகிறது.

நூலகர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது சரி. அவர்மேல் கோபப்பட உங்களுக்குக் காரணமே இல்லை. 4,000 புத்தகம் வந்தால் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று சரிபார்த்து, பதிவு செய்து, வகைப்பாட்டு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, பட்டியலில் ஏற்ற வேண்டும். ஆள் இல்லை என்றால் பெட்டி பிரிக்கப்படாமலே மூலையில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் பெட்டிகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மேலே கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அப்படியே கொடுங்கள் என்று வாங்கிப்போட்டுவிடும் நூலகரைவிட, இவ்வளவுதான் எங்களால் முடியும் என்று முதலிலேயே சொல்பவர் நேர்மையானவர். அவரை விடாதீர்கள்.

தனி அலமாரி கேட்கிறீர்களே, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. அப்பாவின் சங்க இலக்கிய உரைகள் மற்ற உரைகளோடு போய் நிற்கட்டும். அவர் வைத்திருந்த நாட்டார் பாடல் தொகுப்பு அதன் இடத்துக்குப் போகட்டும். ஆய்வு மாணவர் அங்கேதான் தேடி வருவார். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்தால் சாவி இருக்கும் ஊழியர் விடுப்பில் போன நாளில் யாரும் தொட முடியாது. கொடுத்தவர் பெயர் வேண்டுமானால் ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை உட்புறமும் ஒரு சிறு சீட்டு ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அதே ரங்கநாதன் 1950-களில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் பேராசிரியர் இருக்கைக்காகக் கொடுத்தார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். அந்த இருக்கைக்கு அவர் வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். மனைவியின் பெயர். இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று சொல்லப்படுபவர், தன் பெயருக்கு முன்னால் வீட்டில் இருந்த பெண்ணின் பெயரை வைத்தார். உங்கள் கல்வெட்டு வாசகத்தில் அப்பா பெயர் இருக்கிறது, கீழே "அன்பு மகன்" என்று உங்கள் பெயர் இருக்கிறது. மகள் எங்கே?

சரி, என்ன செய்யலாம்? ஊருக்குப் போங்கள். போனில் பேசி முடிக்கும் காரியமில்லை இது. அக்காவோடு உட்கார்ந்து அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று அவர் சொல்லட்டும். 200 என்றாலும் சரி, 2,000 என்றாலும் சரி, தடை சொல்லாதீர்கள். நூலகருக்குப் பட்டியல் அனுப்பும்போது நோட்டுகளை நகலெடுத்து அனுப்புங்கள், தொகுத்தவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதி. தெரிவு செய்ய நூலகர் வீட்டுக்கு வந்தால் பேச வேண்டியவர் அக்கா. நன்கொடைக் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாடப் புத்தகங்களையும் எல்லா நூலகத்திலும் கிடைக்கும் மறுபதிப்புகளையும் நூலகர் தள்ளுவார், தள்ளட்டும். ஊர்க் கிளை நூலகத்தையோ பள்ளியையோ கேளுங்கள். பழைய சிற்றிதழ்கள், நாடக நோட்டீசுகள், கல்லூரி மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு முதற்கொண்டு சேர்த்தவர். அவர் 1992-இல் மறைந்தபின், சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பை 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தார்கள். அவர் பெயரிலேயே இயங்கும் அந்த ஆராய்ச்சி நூலகத்தை இன்று தரமணியில் பார்க்கலாம். பல்கலைக்கழகம் வேண்டாம் என்கிற இதழ்களைப் பற்றி அங்கே எழுதிக் கேளுங்கள்.

வரிச் சலுகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். புத்தகமாகக் கொடுப்பதற்கு வரிக்கழிவு கிடையாது, பணத்துக்கு மட்டும்தான். புதிய வரி முறையில் இருந்தால் அதுவும் இல்லை.

பணம்தான் கடைசி. பல்கலைக்கழகத்தில் 5 லட்சம் அறக்கட்டளை வைத்தால் முதலைத் தொடாமல் வட்டியைச் செலவிடுவார்கள். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 35,000 ரூபாய். அதே வட்டி அக்காவுக்கு வந்தால் மாதம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர் பங்கோடு உங்கள் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் அவர் பெயரில் போடுங்கள் என்பதுதான் என் தீர்ப்பு. அதற்குப் பிறகு உங்கள் சம்பளத்திலிருந்து நூலகத்துக்கு ஏதாவது கொடுக்க முடிந்தால், அப்பாவின் புத்தகங்களைப் பதிவு செய்யவும் பைண்டு செய்யவும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் புத்தகம் மட்டும் போதும், வாங்கிக்கொள்வார்கள்.