வேதியியல் காப்புரிமை வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

பதினெட்டு வருடமாக இதே வேலை, மூன்று நாடுகளில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். சட்டம் படிக்காமல் வர முடியுமா?

வரலாம். அமெரிக்காவில் அறிவியல் பட்டத்தோடு காப்புரிமை அலுவலகத்தின் தேர்வில் தேறினால் ஏஜென்ட் ஆகிவிடலாம். விண்ணப்பம் எழுதலாம், அலுவலகத்தோடு வாதாடலாம். ஆனால் உரிமை மீறல் வழக்கு என்று கோர்ட்டுக்குப் போனால் அட்டர்னிதான் வேண்டும். அதற்குச் சட்டப் படிப்பு கட்டாயம். இந்தியாவிலும் ஏஜென்ட் தேர்வுக்குச் சட்டப் பட்டம் கேட்பதில்லை. ஐரோப்பாவிலும் அப்படித்தான், ஆனால் அங்கே சில வருடம் ஒருவரிடம் தொழில் பழகிவிட்டு இ.க்யூ.இ. என்கிற ஐரோப்பியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கெட்டிக்காரர்களையே படுத்தி எடுக்கிற தேர்வு அது.

பிஎச்.டி. வேண்டுமா?

மருந்துத் துறைக்கு இருந்தால் நல்லது. பாலிமர், பெயின்ட் பக்கம் அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள்.

பல நாடுகளில் வேலை பார்த்ததில் கற்றுக்கொண்டது என்ன?

முதல் வரைவிலேயே எல்லா நாட்டுக் காப்புரிமை அதிகாரிகளையும் மனதில் வைத்து எழுத வேண்டும் என்பதுதான். நான் சூடுபட்டுக் கற்றது. புதிதில் ஒரு மூலக்கூற்றுக் குடும்பத்துக்கு உரிமைக்கோரல் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி) எழுதினேன். பக்கச் சங்கிலி 'கார்பன் 1 முதல் 6 வரை' என்று தாராளமாகப் போட்டுவிட்டேன். பின்னால் 1 கார்பன் உள்ள சேர்மம் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையில் அகப்பட்டது. ஏற்கெனவே வெளியானதற்குக் காப்புரிமை கிடைக்காது. சரி, '3 முதல் 4' என்று சுருக்கிக்கொள்வோம் என்று பார்த்தால், அந்த வரம்பு என் விண்ணப்பத்தில் எங்குமே இல்லை. தாக்கல் செய்த அன்று எழுத்தில் இல்லாததைப் பிறகு சேர்க்க ஐரோப்பா விடாது. கடைசியில் எடுத்துக்காட்டில் செய்து காட்டியிருந்த ஒரே ஒரு சேர்மம்தான் தேறியது. 'விருப்பமாக 2 முதல் 5, மேலும் விருப்பமாக 3 முதல் 4' என்று அரை வரி எழுதியிருந்தால் போதும்!

இந்தியாவில் வேறு கதை. தெரிந்த பொருளின் புதுப் படிக வடிவம் என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு குறுக்கே நிற்கும். பழையதைவிடச் செயல்திறன் கூடியிருப்பதைக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இமாட்டினிப் மெசிலேட் என்ற புற்றுநோய் மருந்தின் பீட்டா படிகம் 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இதில்தான். அதனால் ஒப்பீட்டுச் சோதனைத் தரவை ஆய்வகத்திடம் முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன்.

மாநாட்டில் போஸ்டர் வைத்துவிட்டேன். இனி விண்ணப்பிக்க முடியுமா?

அமெரிக்காவில் ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அநேகமாகக் கதை முடிந்தது. அடுத்த முறை போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

மன அழுத்தம் அதிகமா?

கெடு தேதிகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாடுகளில் விண்ணப்பிக்க வேண்டும்; பி.சி.டி. (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட வழிசெய்யும் ஒப்பந்தம்) வழி போனால், ஒவ்வொரு நாட்டிலும் தனியாக நுழைய பெரும்பாலான நாடுகளில் 30 மாதம். தவறினால் உரிமையே போகலாம். அலுவலகத்தில் மென்பொருள் இருந்தாலும் என் மேஜையில் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

காப்புரிமையில் உங்கள் பெயர் வருமா?

கண்டுபிடித்தவர் பெயர்தான் வரும். அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தில் அட்டர்னிக்கு என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. பாதி நேரம் அதிலும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும்.