ஈ.சி.ஜி. நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறதே?

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு மாதங்களாகத் திடீர் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்று முறை ஈ.சி.ஜி., ஒரு முறை எக்கோ எடுத்தேன். தைராய்டும் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். முடி கொட்டுகிறது, இமை துடிக்கிறது, ஏப்பம் வருகிறது. நண்பர் கொடுத்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரையை இரவில் ஒன்று போட்டுவந்தேன். இப்போது மூன்று தேவைப்படுகிறது. தூக்கத்தில் இதயம் நின்றுவிடுமோ?

பதில்: நிற்காது. நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக். மனப்பதற்ற நோய்களில் ஒரு வகை. ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரந்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சும் வேகமெடுக்கிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். இதனால் யாருக்கும் இதயம் நின்றுபோவதில்லை. மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்தினாலோ மயங்கி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான்காவது ஈ.சி.ஜி. வேண்டாம். முடி, இமை, ஏப்பம் மூன்றையும் மறந்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு நெட்டில் இதய நோய்களைத் தேடுவதையும் இன்றோடு விடுங்கள்; அது அடுத்த அட்டாக்குக்கு நீங்களே கொடுக்கும் அழைப்பு.

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒரே ஒரு வரி: ஒன்று மூன்றானது. நண்பர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அல்பிரசோலத்துக்கு உடம்பு பழகிவிடும். பழகியபின் அதே அளவு போதாது. மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் பதற்றம் ஏறும். அதை நோய் முற்றுவதாக நினைத்து இன்னொன்று போடுவீர்கள். இதைப் படித்துப் பயந்து இன்றிரவே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை மதுவைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

இந்த நோய்க்கு முறையான சிகிச்சை இருக்கிறது. எஸ்சிடாலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் பதற்றம் சற்றுக் கூடலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். கூடவே சிந்தனை-நடத்தை சிகிச்சை எனப்படும் ஆலோசனையும் எடுங்கள். படபடப்பைக் கண்டு ஓடாமல், அது தானாக அடங்கும்வரை அதோடு இருக்கப் பழக்குவார்கள். பலருக்கு மருந்தே இல்லாமல் இது மட்டுமே போதுமானதாக இருக்கிறது. ஏன் வந்தது என்று குடைய வேண்டாம். குடும்பவாகு, நீண்ட நாள் மன அழுத்தம், தூக்கக் கேடு என எல்லாம் சேர்ந்தே வரும். காபியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை போடுகிறீர்கள் என்று கூசாமல் உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.