நாவலைப் படித்தவர்கள் தியேட்டரில் பேசாமல் படம் பார்க்கவே மாட்டார்களா?

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் தூங்கப் போக முடியவில்லை. பொன்னியின் செல்வன் பார்க்கப் போனேன், பக்கத்தில் இருந்த பெரியவர் படம் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டே இருந்தார், புத்தகம் படித்தவர்களுக்கு இங்கிதமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நாவலைப் படிக்காதவர் என்று நினைக்கிறேன். ஆசையாக முதல் வாரமே நண்பர்களோடு போயிருப்பீர்கள். உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் படித்தவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டியிருக்கிறீர்கள் பாருங்கள், அது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படித்தவர்களில் ஒருத்தர் என் அம்மா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் பேசுவது சரி என்று நான் வாதாடவில்லை. போனில் பேசுகிறவர்கள், திரையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் யாருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வயசானவர்கள் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். செய்யக்கூடாதுதான். நடந்ததை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஊர் கும்பகோணம். அம்மாவின் அப்பா, அதாவது எங்கள் தாத்தா, 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடர் ஆரம்பித்ததிலிருந்து 1954-ல் முடிகிற வரைக்கும் வாரா வாரம் பக்கங்களைத் தனியாக எடுத்துச் சேர்த்தவர். மணியத்தின் ஓவியங்களோடு அதை ஐந்து பாகமாக பைண்டு பண்ணி வைத்திருந்தார். அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் பக்கங்களில்தான். கல்யாணமாகித் திருச்சி வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு அந்த ஐந்து பைண்டும் வந்தன. ஒரு மழைக்காலத்தில் பீரோவுக்கு அடியில் கரையான் ஏறி, ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் போய்விட்டன. கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை, கதாநாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிற அத்தியாயம் அது. அம்மா நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து, கோடு போட்ட நோட்டில் அந்த அத்தியாயத்தைக் கையால் எழுதி, பைண்டிங் கடையில் கொடுத்து அந்த இடத்தில் சேர்த்துத் தைத்து வாங்கினார். இப்போதும் இருக்கிறது. அச்செழுத்து முடிந்து நீல மையில் அம்மாவின் கையெழுத்து தொடங்கும். தாள் வேறு, அளவும் கொஞ்சம் சின்னது.

இந்த நாவலைப் படமாக்கப் போவதாக 1958-லேயே எம்.ஜி.ஆர். அறிவித்தார். நடக்கவில்லை. பிறகு கமல் முயற்சி செய்தார். அதுவும் நடக்கவில்லை. வந்தியத்தேவனாக யார் நடிப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி நடக்கிற விவாதம். சிவாஜி காலத்தில் ஆரம்பித்தது. 2022 செப்டம்பர் 30-ல் மணிரத்னம் படம் வெளியானபோது அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முட்டியிலும் வலி. கடைசியாகத் தியேட்டருக்கு எப்போது போனார் என்பதே எங்களுக்கு ஞாபகம் இல்லை. "டிக்கெட் எடு பாப்பா, நான் வரேன்" என்றார்.

நான், அம்மா, அண்ணன் மகன் மூன்று பேரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனோம். அண்ணன் மகனுக்கு அப்போது 14 வயது. நாவலை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. உங்களை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்தில் பாதிப் பேர் அம்மா வயதுக்காரர்கள். கைத்தடியோடு வந்தவர்களைப் பார்த்தேன். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஒவ்வொரு படியாக ஏறியவர்களைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததே எனக்கு ஒரு சந்தோஷம்.

படம் ஆரம்பித்து, வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனாகக் கார்த்தி குதிரையில் வந்தபோது விசில் பறந்தது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. ஆழ்வார்க்கடியானாக ஜெயராம் வரும்போதும், நந்தினியின் பல்லக்கு வரும்போதும் அப்படித்தான். கோயிலில் சந்நிதி முன்னால் நின்று வாய்க்குள்ளேயே சொல்வார்களே, அந்த மாதிரி. படத்தில் என்ன வசனம் பேசினார்களோ, அம்மாவுக்கு உள்ளே கல்கியின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடம்பூர் மாளிகை வந்தபோது மட்டும் என் பக்கம் சாய்ந்து, "மணிமேகலை அடுத்த பாகத்துல வருவாளா இருக்கும்" என்று காதோடு சொன்னார். எனக்கே பாதிதான் கேட்டது.

எங்களுக்குப் பின் வரிசையில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நீங்கள் சொல்கிற ரகம் அவர்தான். ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் தன் குடும்பத்துக்கு மட்டுமில்லாமல் முன்னால் மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி அறிமுகம் கொடுத்தார். இவன் ஒற்றன், அவளுக்கு இவன்மேல் ஆசை, இவன் பின்னாடி மாறிடுவான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். கடைசியில் கடலில் கப்பல் மூழ்குகிறது, சோழ இளவரசர் அருள்மொழி தண்ணீருக்குள் போகிறார். அரங்கமே அமைதியாக இருக்கிறது. அண்ணன் மகன் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து, "இப்ப பாரு, ஊமை ராணி வருவா, நந்தினி மூஞ்சியே இருக்கும்" என்றார். இரண்டு வினாடி கழித்துத் திரையில் அந்த முகம் வந்தது. பையன் அதைப் பார்க்கவில்லை. திரும்பி அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே ஒரு அதிர்ச்சி, அதுவும் போய்விட்டது.

எழுபது வருஷப் பழைய கதை, இதில் என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது என்பார்கள். இந்த வாதத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது ரகசியம் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது. அவனைக் கொன்ற ரவிதாசன் கூட்டத்தாரின் சொத்தைப் பறித்தது பற்றி அதில் இருக்கிறது. அதை நீங்கள் சத்தம் போட்டுச் சொன்னால் வரலாறு சொன்னதாக விட்டுவிடலாம். ஊமை ராணி அப்படி இல்லை. அவள் கல்கியின் கற்பனை. அவள் யார் என்பது, பக்கம் பக்கமாகப் படித்து வருகிறவனுக்குக் கல்கி கொடுக்கிற பரிசு. அதை எடுத்துப் படிக்காத பிள்ளையின் தலையில் கொட்ட எந்த வாசகனுக்கும் உரிமை இல்லை. உண்மையிலேயே அந்த நாவலை நேசிக்கிறவன் அந்த இடத்தில் பக்கத்தில் இருக்கிற பையனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா அன்றைக்கு அதைத்தான் செய்தார். அவருக்கும் தெரியும் அடுத்து யார் வருவார்கள் என்று. பேரன் முகத்தைப் பார்ப்பதற்காகத் தயாராகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம் வந்தது. வேறு தியேட்டர். வாசலில் சோதனை. அம்மா சர்க்கரை நோயாளி, மாத்திரை போட்டுவிட்டு வந்தவர். கைப்பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தன. இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது உண்மை. குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியை மட்டும் எல்லாத் தியேட்டரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. நாங்கள் போன இடத்தில் இலவசத் தண்ணீர் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு மூலையில் இருந்தது. டம்ளர் இல்லை. கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். முட்டி வலிக்காரரை அவ்வளவு தூரம் நடத்த முடியாமல் 60 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நான் மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷமும் அம்மா நின்றபடியே இருந்தார். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. சினிமாவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள் என்று நினைத்துத்தான் இந்தக் கட்டடங்களைக் கட்டுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் மறுபடியும் கடம்பூர். கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கிற காட்சி. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற அளவுக்கு அரங்கம் அடங்கியிருந்தது. காட்சி முடிந்து, கரிகாலன் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா சொன்னார்: "பாப்பா, மணிமேகலை வரவே இல்லையே."

நாவல் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கொலைப் பழி வந்தியத்தேவன்மேல் விழாமல் இருக்க, நான்தான் கொன்றேன் என்று சொல்கிறவள் மணிமேகலை. படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. அம்மாவுக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. கடம்பூரே முடிந்துவிட்டது, இனி அவள் எங்கிருந்து வருவாள்? அதுவரைக்கும் காத்திருந்திருக்கிறார், ஏழு மாசமாக. ஒத்துக்கொள்கிறேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அமைதியான இடம் என்பதால் நன்றாகவே கேட்டது.

முன் வரிசையிலிருந்து ஒரு தம்பி திரும்பினான். இருபத்தைந்து வயது இருக்கும். "ஏங்க, உங்க கதையைக் கேக்கவா காசு குடுத்து வந்தோம்? பேசறதுன்னா வீட்ல உக்காந்து பேசுங்க" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். கை ஜில்லென்று இருந்தது.

அப்புறம் படம் முடிகிற வரைக்கும் நான் திரையைப் பார்த்ததைவிட அம்மாவைப் பார்த்ததுதான் அதிகம். உதடு அசையவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகுடம் யாருக்கு என்கிற இடத்தில் கதையையே மாற்றியிருந்தார்கள். நாவலில் அது கோயிலுக்குப் பூத்தொண்டு செய்கிற சேந்தன் அமுதனுக்குப் போகும், படத்தில் அப்படி இல்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆட்டோவில் வரும்போது அண்ணன் மகன், "அப்பாயி, யாரு அந்த மணிமேகலை?" என்று கேட்டான். "வீட்டுக்குப் போயி சொல்றேன்டா" என்றவர், கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பிள்ளை சொன்னதுல தப்பில்ல பாப்பா, நான்தான் பேசிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் டிவியில் வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். காலைக் காரணம் காட்டுகிறார். கால் முதல் பாகத்தின்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தம்பி கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனும் என் அண்ணன் மகனைப் போலவே ஏதோ ஒரு பின்வரிசை ஆளிடம் முன்பு அனுபவித்தவனாக இருக்கலாம். ஆனால் முதல் பாகத்தில் அந்த ஆள் செய்ததும் அம்மா செய்ததும் ஒன்றா? அவர் வரப்போவதைச் சொல்லி அடுத்தவன் கதையைப் பிடுங்கினார். அம்மா வராமல் போனதைச் சொல்லி வருத்தப்பட்டார். அந்த ஒரு வாக்கியத்தால் யாருக்கும் கதை கெடவில்லை. இரண்டும் இடைஞ்சல்தான் என்பீர்கள். இடைஞ்சல்தான். ஆனால் முதலாவதுக்குக் கோபப்படலாம். இரண்டாவதுக்கு "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் போதும், அல்லது "கொஞ்சம் மெதுவா பாட்டி" என்றால் போதும்.

அசுரன் பூமணியின் வெக்கையிலிருந்து வந்தது. விசாரணையும் ஒரு புத்தகத்திலிருந்து வந்ததுதான், சந்திரகுமாரின் லாக்கப். அந்தப் படங்களுக்குப் போனபோது என் பக்கத்தில் யாரும் கதை சொல்லவில்லை, ஏனென்றால் படித்தவர்கள் குறைவு. பொன்னியின் செல்வன் அப்படியில்லை, மூன்று தலைமுறை படித்த கதை. அந்த மாதிரிப் படத்துக்குப் போகும்போது படித்தவர்கள் கூட்டத்தில்தான் உட்காரப் போகிறோம் என்று தெரிந்தே போக வேண்டும். அமைதிதான் முக்கியம் என்றால் இரண்டாவது வாரம், வேலை நாளில், காலைக் காட்சிக்குப் போங்கள். அப்படியும் ஒருவர் ஓயாமல் கதை சொன்னால் இடைவேளையில் அவரிடமே போய், நான் படித்ததில்லை சார், சொல்லாதீர்கள் என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அடங்கிவிடுவார்கள், அடுத்தவருக்குக் கதை தெரியாது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. நானும் முதல் பாகத்தின் இடைவேளையில் அந்த ஆளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதவில்லை. காட்சி வருவதற்கு முன்னால் பேசினாரா, முடிந்த பிறகு பேசினாரா? முன்னால் என்றால் நான் உங்கள் பக்கம்.