ஹாஸ்டலில் திறக்காத கட்டுரைக்கு லாகின் வாங்கலாமா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. முதலாண்டு படிக்கிறேன். தீசிஸுக்காகக் கட்டுரைகள் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி நூலகக் கணினியில் முழுதாகத் திறக்கும் கட்டுரை, டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து பார்த்தால் 35 டாலர் கேட்கிறது. எல்லா ஜர்னலும் படிக்க ஓராண்டு லாகின் 2,000 ரூபாய்க்குத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் என் தங்கைக்கும் அதே தேவை இருக்கிறது. இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்குச் சேர வேண்டிய லாகின் உங்கள் கல்லூரியிலேயே செலவில்லாமல் கிடைக்கும். டெலிகிராம் ஆள் விற்பது வேறு யாருடையதோ. தங்கையின் நிலை கொஞ்சம் வேறு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

நூலகத்தில் திறப்பது அறையில் ஏன் திறப்பதில்லை என்று முதலில் பார்ப்போம். ஜர்னலை வெளியிடும் பதிப்பகத்துக்கு உங்களைத் தெரியாது. எந்த இணைப்பிலிருந்து வருகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வோர் இணைப்புக்கும் வெளியே தெரியும் ஐ.பி. எண் ஒன்று உண்டு. உங்கள் கல்லூரி தன் எண்ணைப் பதிப்பகத்திடம் பதிந்து வைத்திருக்கிறது. அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கட்டுரை திறக்கும். ஹாஸ்டல் வைஃபை பெரும்பாலும் தனி பிராட்பேண்ட். அதன் எண் பட்டியலில் இருக்காது. போன் டேட்டாவும் அப்படித்தான். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போன் டேட்டாவில் பார்த்தாலும் 35 டாலர் கேட்கும். சந்தேகமாக இருந்தால், ஐ.பி. எண்ணைக் காட்டும் தளம் ஒன்றை நூலகக் கணினியில் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, ஹாஸ்டலிலும் அதையே திறந்து பாருங்கள். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் காரணம் அதுதான். போனிலோ லேப்டாப்பிலோ வி.பி.என். செயலி இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அது உங்கள் எண்ணையே மாற்றிக் காட்டும்.

சில கல்லூரிகளில் நூலகத்திலேயே இன்று திறப்பது நாளை திறக்காது. நிலையான ஐ.பி. வாங்காமல் சாதாரண இணைப்பை வைத்திருப்பதுதான் காரணம். கரண்ட் போய் ரூட்டர் திரும்ப எழுந்ததும் எண் மாறிவிடும், பதிந்து வைத்த பழைய எண் செல்லாமல் போகும். கோடி ரூபாயில் கருவி வாங்கும் இடத்தில் நிலையான ஐ.பி.க்கான சிறு தொகைக்கு மாதக்கணக்கில் ஃபைல் நகர்வதில்லை. அவதிப்படுவது படிக்கிற பிள்ளைகள்.

இனி உங்கள் உரிமை. ஜர்னல்களுக்கான சந்தாவை மத்திய அரசே மொத்தமாகக் கட்டி, அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் செலவில்லாமல் படிக்க வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஆக்ஸ்ஃபோர்டு, பி.எம்.ஜே. எல்லாம் அதில் உண்டு. மத்திய அரசு, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கு மேற்பட்டவை இதற்குள் வருகின்றன. நடத்துவது பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம், காந்திநகரில் இருக்கிறது. இவ்வளவு பணம் கட்டியாகிவிட்டது. அதன் பிறகும் ஒரு அரசுக் கல்லூரி மாணவி டெலிகிராமில் விலை விசாரிக்கிறார் என்றால், நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டக்கூட ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் திட்டத்தில் கிடைப்பது ஜர்னல்கள். பாடப்புத்தகமோ, அப்டுடேட் போன்ற சிகிச்சை வழிகாட்டித் தளங்களோ இதில் வராது. அவற்றைக் கல்லூரி தனியாக வாங்கியிருந்தால்தான் உண்டு.

வெளியிலிருந்து படிக்க ‘இன்ஃபெட்’ கணக்கு வேண்டும். நீங்கள் இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர் என்று பதிப்பகத்துக்குக் காட்டும் இன்ஃப்ளிப்நெட்டின் லாகின் அது. நூலகரிடம் போய், “ஹாஸ்டலில் நெட் வரவில்லை” என்று சொல்லாதீர்கள். சிஸ்டம் பார்க்கும் ஆளிடம் அனுப்பிவிடுவார்கள். “எனக்கு இன்ஃபெட் லாகின் வேண்டும், நம் கல்லூரியின் நோடல் ஆபீசர் யார்?” என்று கேளுங்கள். கல்லூரி சார்பில் இதற்குப் பொறுப்பானவர் அவர். சில இடங்களில் நூலகரே மாணவர் பட்டியலை மொத்தமாக ஏற்றிக் கணக்கு உருவாக்குவார். இல்லையென்றால் நீங்களே பதிவு செய்ய வேண்டும். பெயர், துறை, கல்லூரி மின்னஞ்சல், கைபேசி எண் இவை போதும். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளிலேயே போடுங்கள். ஒப்புதல் தருபவர் மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; இனிஷியல் முன்பின் இருந்தாலே ஓரம் கட்டிவிடுவார்கள். ஒப்புதல் வரும் வரை கணக்கு வேலை செய்யாது. பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி புதிதாகப் பதிவு செய்ய வேண்டாம்.

ஒரு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் நோடல் ஆபீசர் மாற்றலாகிப் போயிருப்பார், புதியவருக்கு அந்தப் பொறுப்பு தன் தலையில் இருப்பதே தெரியாது. துறைத் தலைவர் வழியாக டீனுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பதிவு செய்த தேதி, பதிந்த மின்னஞ்சல், திறக்காத இரண்டு கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்), பிழைச் செய்தியின் படம் நான்கும் இருக்கட்டும். ஐந்தாறு பி.ஜி. மாணவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. இதைத் தனிப்பட்ட உதவியாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கணக்கு கைக்கு வந்த பிறகும் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கட்டுரைப் பக்கத்தில் ‘சைன் இன்’ என்று ஒன்றும், ‘ஆக்ஸஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்’ என்று ஒன்றும் இருக்கும். முதலாவது பதிப்பகத்தில் நீங்கள் சொந்தமாகத் திறக்கும் கணக்கு. ஜிமெயில் போட்டு அதைத் திறந்தால் உங்கள் பெயர் மேலே வரும், கட்டுரை மட்டும் வராது. அங்கே இன்ஃபெட் பாஸ்வேர்டைப் போட்டாலும் ஏற்காது. நீங்கள் போக வேண்டியது இரண்டாவது வழி. அதில் கல்லூரிப் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுங்கள். ‘கவர்ன்மென்ட்’ என்று ஆரம்பித்தால் நாடு முழுவதும் உள்ள கல்லூரிகள் வரிசையாக வரும். ஊர்ப் பெயரை முதலில் தட்டுங்கள். தேர்ந்ததும் பக்கம் இன்ஃபெட் தளத்துக்குத் தாவும். முகவரிப் பட்டையில் இன்ஃப்ளிப்நெட் என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு, அங்கே மட்டும் பாஸ்வேர்டைப் போடுங்கள்.

டெலிகிராம் வியாபாரத்துக்கு வருகிறேன். 2,000 ரூபாய்க்கு உங்களுக்கு வரும் லாகின், ஏதோ ஒரு பல்கலைக்கழக மாணவரோ பேராசிரியரோ ஏமாந்து கொடுத்தது. பறிக்கும் முறை எளிமையானது. “உங்கள் நூலகக் கணக்கு 24 மணி நேரத்தில் காலாவதியாகிறது, உடனே புதுப்பிக்கவும்” என்று மின்னஞ்சல் வரும். இணைப்பைத் தட்டினால் நூலகப் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். பாஸ்வேர்டைப் போட்டதும் அது உண்மையான நூலகப் பக்கத்துக்கே அனுப்பிவிடும். பறிபோனது தெரியவே தெரியாது. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியபோது இந்த வியாபாரம் முழுதாக வெளியே வந்தது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வெளிநாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள். அங்குள்ள பேராசிரியர்களைக் குறிவைத்துப் பறித்த நூலக லாகின்களைத் தளம் அமைத்தே விற்றிருக்கிறார்கள். ஆக, நீங்கள் தரும் 2,000 ரூபாய் திருட்டுப் பொருளுக்கான விலை. அதுவும் நிலைக்காது. ஒரே கணக்கு பல ஊர்களிலிருந்து திறக்கப்படுவதைக் கண்டதும் பல்கலைக்கழகம் அதை மூடிவிடும். விற்றவர் அதற்குள் குழுவின் பெயரை மாற்றியிருப்பார். யு.பி.ஐ.யில் அனுப்பிய பணத்தை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பீர்கள்?

‘ஹினாரி லாகின்’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் தொடங்கிய அந்தத் திட்டம் ஏழை நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கானது. தகுதி பெற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கே யாராவது அந்தப் பெயரைச் சொன்னாலே அடுத்த வார்த்தை பேசாமல் விலகுங்கள்.

இதே ஆட்கள் அடுத்து தீசிஸ் எழுதித் தருவதாக வருவார்கள். அதற்கும் அடுத்து, “பிளேஜியரிசம் ரிப்போர்ட் எடுத்துத் தருகிறேன், 500 ரூபாய்” என்பார்கள். பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒரு மென்பொருள் ஒப்பிட்டுச் சொல்லும் அறிக்கை அது. இதில் உங்கள் படிப்பே மாட்டிக்கொள்ளும். ஏஜெண்ட் உங்கள் தீசிஸை ஏற்றும்போது மென்பொருளின் சேமிப்பில் அது தங்கிவிட்டால், பிறகு கல்லூரி முறைப்படி சோதிக்கையில் உங்கள் எழுத்தே உங்கள் எழுத்தோடு பொருந்தி 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டும். நேர்மையாக எழுதியவர்தான் இதில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். தீசிஸ் கோப்பை வழிகாட்டியையும் கல்லூரி நூலகத்தையும் தாண்டி யாரிடமும் தராதீர்கள்.

தங்கைக்கு: தனியார் கல்லூரிகள் இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவர் கல்லூரி சொந்தமாகச் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் அங்கே கேட்கட்டும். உங்கள் இன்ஃபெட் பாஸ்வேர்டை அவருக்குத் தராதீர்கள், தங்கையாகவே இருந்தாலும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் நடப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

ஆனால் வெளியாட்களும் அரசுக் கல்லூரியின் ஜர்னல்களைப் படிக்க ஒரு வழி உண்டு. பலருக்குத் தெரியாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில் பரவலாக ‘வாக்-இன் யூசர்’ என்று ஓர் உட்பிரிவு இருக்கும். அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருந்தாலும், நூலகம் அனுமதித்தால், நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து நூலகத்தின் கணினியில் படிக்கலாம் என்பது அதன் பொருள். லாகின் தர மாட்டார்கள், வெளியிலிருந்து படிக்க முடியாது, சொந்த லேப்டாப்பை வைஃபையில் இணைப்பதும் இதில் அடங்காது. தனியார் நர்சிங் மாணவிகள் பலர் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த வாரங்களில் தங்கை தன் கல்லூரி முதல்வரிடம் அறிமுகக் கடிதம் வாங்கி, அடையாள அட்டையோடு அரசுக் கல்லூரி நூலகரைப் பார்க்கட்டும். கடிதத்தில் “ஆய்வுக்காக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நூலகக் கணினியில் ஜர்னல் வாசிக்க அனுமதி” என்று நாள் குறிப்பிட்டிருக்க வேண்டும். நாள் போடாத கடிதத்தைத் திருப்பிவிடுவார்கள். எந்தப் பதிப்பகத்துக்கு இந்த உட்பிரிவு பொருந்தும் என்பது நூலகருக்குத்தான் தெரியும், அவர் வேண்டாம் என்ற தளத்தைத் தொடக் கூடாது. வாசிப்பது, குறிப்பு எடுப்பது, தேவையான ஓரிரு கட்டுரையைப் பிரதி எடுப்பது வரை போகலாம். பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் அடுத்த மாணவிக்கும் கதவு மூடிவிடும்.

போஸ்டிங் இல்லாத நாட்களுக்கும் வழி இருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் ‘பப்மெட்’ தளம் எல்லாருக்கும் இலவசம். ஆனால் அது கட்டுரைகளின் பட்டியல்தான். சுருக்கம் அங்கே இருக்கும், முழுக் கட்டுரை இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தால் காசில்லாமல் திறப்பவை மட்டும் வரும். ‘அன்பேவால்’ என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் நிறுவினால், சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். ஒரு சிகிச்சையைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் வெளியான 12 மாதங்களில் இலவசமாகிவிடுகின்றன. சிலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலும் கிடைக்கிறது. பழைய தீசிஸ் மாதிரிகளை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.டி., எம்.எஸ்., எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் திறந்தே கிடக்கின்றன. அவற்றை அமைப்பு தெரிந்துகொள்ளப் பாருங்கள். பத்தியை எடுத்து ஒட்டாதீர்கள்.

லாகின் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். இறக்குவது இன்னொரு பெரிய தவறு. தானாக இறக்கும் செயலியைப் போட்டால் இன்னும் மோசம். பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அந்த இணைப்பையே துண்டித்துவிடும். நூலகத்திலிருந்து இறக்கியிருந்தால் மொத்தக் கல்லூரிக்கும் அந்தப் பதிப்பகம் போய்விடும். அதைத் திரும்பத் திறக்க நூலகர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சுருக்கத்தைப் படித்து, வேண்டியதை மட்டும் இறக்குங்கள். தேடிய கட்டுரைகளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் பப்மெட்டின் ‘கிளிப்போர்டு’ 500 பதிவு வரை தாங்கும், ஆனால் 8 மணி நேரம் தொடாமல் விட்டால் அழிந்துவிடும். டியூட்டிக்குப் போகும் முன், அழியாமல் இருக்கும் ‘கலெக்ஷன்ஸ்’ பகுதிக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு, பப்மெட்டை நடத்தும் அமெரிக்க மையமான என்.சி.பி.ஐ.யின் கணக்கு வேண்டும்; 2021 முதல் அதற்குத் தனி பாஸ்வேர்டு கிடையாது. கூகுள், ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாளக் கணக்கு) போன்ற வேறொரு கணக்கின் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

என்.சி.பி.ஐ. கணக்குக்குக் கல்லூரி மின்னஞ்சலைப் பயன்படுத்தாதீர்கள். படிப்பு முடிந்ததும் இன்ஃபெட் கணக்கையும் கல்லூரி மின்னஞ்சலையும் மூடிவிடுவார்கள், முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். தேடல்களை இப்போதே சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள். கட்டுரைகளை ‘ஸோட்டெரோ’வில் அடுக்கி வையுங்கள். அது இலவச மென்பொருள், இணையத்தில் 300 எம்.பி. இடம் சும்மா தருகிறார்கள். அதற்கு மேற்பட்ட பி.டி.எஃப்.கள் உங்கள் லேப்டாப்பில் இருக்கட்டும். இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே இந்த மாற்றத்தை முடித்துவிடுங்கள். ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதும் வேலை தேர்வுக்குப் பிறகுதான் ஆரம்பமாகும், அப்போது பழைய பி.டி.எஃப். ஒவ்வொன்றும் வேண்டியிருக்கும்.