யாருடைய கால்?

அன்புள்ள ஐயா,

மகன் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். மூன்று மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். ஒரு நாள் ஐஸ் ஹாக்கி பார்க்க அழைத்துப் போனான். ஆட்டத்தின் நடுவில் இருவர் கையுறைகளை உதறிவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் குத்திக்கொண்டார்கள். நடுவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்; ஒருவன் விழுந்த பிறகுதான் பிரித்தார்கள். தண்டனை, ஐந்து நிமிடம் வெளியே உட்காருவது. அரங்கமே எழுந்து கத்தியது, நானும்தான். எட்டு வயதுப் பேரன் இதில் சேர வேண்டும் என்கிறான். சேர்க்கலாமா? வெள்ளைக்காரர்களுக்கு வன்முறை ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆட்டக்காரனைக் குறை சொல்லி என்ன பயன்? பயிற்சியாளர் சொல்கிறார், முதலாளி சம்பளம் தருகிறார், கூட்டம் கேட்கிறது. அவன் வெறும் கருவிதானே?

ஒரு வாசகர், வேலந்தாவளம்

அன்புள்ள நண்பருக்கு,

பேரனைச் சேருங்கள். 2013இல் கனடாவின் ஹாக்கி அமைப்பு 11, 12 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்திலும் உடம்பால் மோதித் தடுப்பதை நிறுத்திவிட்டது. எட்டு வயதுக்காரனுக்குப் பயமில்லை. ரத்தம் பற்றிய வரியை வேலந்தாவளத்துக்காரர் எழுதியிருக்கக் கூடாது. நம் வயல்களில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்தில் விழாத அடியா?

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரி. கருவி என்கிறீர்கள். டெரிக் பூகார்ட் என்றொருவர் அமெரிக்க, கனடிய அணிகள் மோதும் தேசிய ஹாக்கி லீக்கில் 277 ஆட்டங்கள் ஆடி 3 கோல் போட்டார். அவருடைய வேலை கோல் போடுவதல்ல, குத்துவது. 2011இல் 28 வயதில் இறந்தார். மூளையைச் சோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடி படுவதால் வரும் நோய் இருந்தது தெரிந்தது. அவரைப் போன்றவர்களுக்காக நீங்கள் வருந்தினால் நானும் கூட உட்கார்ந்து வருந்துகிறேன். ஆனால் அடித்தவனுக்காக இவ்வளவு வாதாடும் உங்கள் கடிதத்தில் அடி வாங்கியவன் எங்கே? ஒரு வரிகூட இல்லையே!

ஸ்டீவ் மூரைப் பற்றிச் சொல்கிறேன். 2004 பிப்ரவரியில் கொலராடோ அணியின் மூர், வான்கூவர் அணித்தலைவர் நாஸ்லண்டை மோதி வீழ்த்தினார். விதிக்கு உட்பட்டது என்று தண்டனை தரவில்லை. வான்கூவர் அணி கறுவிக்கொண்டிருந்தது. மார்ச் 8 அன்று அந்த அணியின் டாட் பெர்டூஸி, மூரைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துத் தலையில் குத்தி, பனித்தரையில் முகம் அடிபட விழவைத்து மேலேயே விழுந்தார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அப்போது அவருக்கு வயது 25. பிறகு அவர் ஆடவேயில்லை. பெர்டூஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தார்கள். சிறை இல்லை.

மூர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2008இல் பெர்டூஸி தன் பழைய பயிற்சியாளர் மார்க் கிராஃபோர்டையும் அதில் இழுத்தார்: அவர் தூண்டினார், அவரும் பொறுப்பு. பயிற்சியாளரோ, வெளியே வா என்று கூப்பிட்டேன், அவன்தான் கேட்கவில்லை என்றார். ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். 2014இல் சமரசமாக முடிந்தது.

அந்த 2008ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்தபோது என் குரலையே கேட்டேன்.

1986, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நெல் அறுத்த வயல். எனக்கு 21 வயது, பின்வரிசையில் ஆடுகிறேன். எதிரணியின் ஏழாம் எண்காரர் எங்களை ஓடவிட்டுக் களைக்கவைத்தார். பகலில் தென்னையில் பாளை சீவுகிறவர்; அந்தக் கால்களின் உறுதியை மரம் கொடுத்திருந்தது. இடைவேளையில் எங்கள் அணியை நடத்தியவர் என் கையில் ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்துவிட்டு, "அவன் இனி ஓடக் கூடாது" என்றார். சொன்னது அவ்வளவுதான். உடை என்று சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் அவர் வலப்பக்கமாக வந்தார். பந்தை உள்ளே தட்டிவிட்டார். பந்து அவர் காலை விட்டுப் போய்விட்டது. போனதை நான் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. காலை மடக்கிக்கொண்டிருக்கலாம். நான் மடக்கவில்லை. அவர் முழங்காலில் காய்ந்த பனைமட்டை முறிவது போன்ற சத்தம் கேட்டது. கூட்டம் கைதட்டியது. நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். பெஞ்சில் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள்.

22 ஆண்டுகள் "அவர் சொன்னார், நான் செய்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பரே, அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் இல்லை. அணிக்காரர் கோட்டுக்கு வெளியே நின்றார், கூட்டம் மூங்கில் தட்டிகளுக்கு அப்பால் இருந்தது. காலை நீட்டியது நான் மட்டும்தான். அணிக்காரரின் குற்றம் அவருக்கு. அதைக் காட்டி என் குற்றத்திலிருந்து ஒரு குன்றிமணி அளவுகூடக் கழிக்க முடியாது. எழுந்து நின்று கத்தினேன் என்கிறீர்களே, அது உங்கள் கணக்கு.

செய்தியைப் படித்த மறுநாள் பஸ் ஏறிச் சித்தூர்ப் பக்கம் அவரைத் தேடிப் போனேன். திண்ணையில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை, மரமேற்றம் அன்றோடு நின்றது. பாளைக்கத்தியை மகனுக்காகத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் சிரித்தார். "ஆட்டத்தில் அடி படுவது உள்ளதுதானே" என்றார்.

"பந்து போன பிறகுதான் உதைத்தேன்" என்றேன்.

கத்தி நின்றது. "தெரிந்தேவா?"

"தெரிந்தேதான்."

பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியை மீண்டும் தீட்டத் தொடங்கினார். நான் எழுந்தபோது, "கடைசி பஸ் ஆறரைக்கு" என்று மட்டும் சொன்னார்.