ஸ்டியரிங் இறுகினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஆறு வருடமான சின்ன கார். சில நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகி, மஞ்சள் விளக்கு எரிகிறது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஒரு மெக்கானிக் பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றச் சொன்னார். இன்னொருவர் ஸ்டியரிங் காலம் (column) அசெம்பிளியை, அதாவது ஸ்டியரிங் தண்டும் மோட்டாரும் சேர்ந்த முழுப் பாகத்தையே, மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார். ஓடும்போது லாக் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கோளாறில் லாக் ஆகாது. உங்கள் கையிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டும் பல்சக்கரமும் நேராகவே இணைந்திருக்கின்றன. உங்கள் வண்டியில் இருப்பது எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். அதில் திருப்ப உதவும் மின்மோட்டார், மீன்பாடி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் பையன் மாதிரி. அவன் போய்விட்டாலும் வண்டி திரும்பும், உங்கள் தோள்தான் வலிக்கும். ஆனாலும் விளக்கு எரியும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போக வேண்டாம்.

நீங்கள் திருப்பும்போது தண்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். சென்சார் அந்த முறுக்கை அளக்கும். கம்ப்யூட்டர் அதையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். பார்க்கிங்கில் நிறைய, வேகத்தில் கொஞ்சம். நின்ற இடத்தில் முழுசாகத் திருப்பினால், இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போதே வோல்டேஜ் விழும். கம்ப்யூட்டர் உதவியை நிறுத்திவிடும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

நம் பக்கம் கடல்காற்று வேறு. போன மாதம் காசிமேட்டிலிருந்து இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கிளாம்ப் கையாலேயே ஆடியது. எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் துரு. வெந்நீர், உப்புத்தாள், அரை மணி நேரம். அப்புறம் விளக்கு வரவில்லை.

ராத்திரி நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஆனால் பேட்டரியில் கைவைக்கும் முன் ஸ்கேனர் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்ணை (கோட் நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும் வரை விளக்கு எரியும். "பாருங்க சார், லைட் போகலை, ஸ்டியரிங் காலம் போச்சு" என்பார்கள். நம்பாதீர்கள்.

ஆயில் விஷயம். உங்கள் மாதிரி கார்களில் ஸ்டியரிங் ஆயிலே கிடையாது. ஒரு விலக்கு உண்டு: சில வண்டிகளில் மின்மோட்டார் ஆயில் பம்ப்பை ஓட்டும். அதுவும் எலெக்ட்ரிக்தான், ஆனால் ஆயில் உண்டு. பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், பானட்டைத் திறங்கள். மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட டப்பா இருந்தால் ஆயில் வண்டி. பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள்; அதன் மூடியில் பெரும்பாலும் பிரேக் என்றே எழுதியிருக்கும்.

பழைய ஸ்டியரிங் காலம் மலிவாகக் கிடைக்கும் என்று புரோக்கர் யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் கழற்றியதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வண்டிக்குப் பொருத்தி அளவு சரிசெய்யவும் ஸ்கேனர் வேண்டும். பெரிய சர்வீஸ் சென்டர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரு சென்சார் கெட்டாலும் "தனியாக வராது, அசெம்பிளிதான்" என்பார்கள். நாற்பது ரூபாய் வயருக்கு நாற்பதாயிரம் பில் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி, எர்த், ஃபியூஸ் எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு வந்தால்தான் சென்சார், மோட்டார் பக்கம் போக வேண்டும். 38,000 கேட்டவரிடம் கோட் நம்பர் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.